நச்சுப்பையும் உமிழ்நீர்ச் சுரப்பியும்

வைகை ஆற்றின் தலைப்பகுதியான வருசநாட்டுப் பள்ளத்தாக்கில், மூல வைகையை ஒட்டிக் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் தென்னையும் முருங்கையும் இலவமும் கொட்டை முந்திரியும் நிலத்தை நிறைத்திருக்கின்றன; இவற்றின் வேலையில் பெரும்பகுதி குனிந்து சருகுக்குள் கைவிட்டும், இருட்டில் வாய்க்கால் வரப்பில் நின்று தண்ணீர் பாய்ச்சியும் செய்யப்படுவது என்பதால், பாம்புக்கடி இப்பகுதியின் உழைப்போடு ஒட்டிப்பிறந்த ஆபத்தாகவே இருந்து வருகிறது. கடிபட்டவரை ஏற்றிய வண்டி கண்டமனூரைக் கடந்து, அவ்வூர்ச் சாலை தேனி–மதுரைச் சாலையோடு சேரும் கண்டமனூர் விலக்கை, அதாவது மக்கள் வழக்கில் க.விலக்கை, அடைந்துவிட்டால் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்குச் சிரை வழியே ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து 10 மில்லி லிட்டர் அளவுள்ள சிறு குப்பியில் அடங்கிவிடுகிறது. அந்தக் குப்பிக்குள் இருப்பதன் வரலாறோ நாயும் எலியும் குதிரையும் பாம்பும் மனிதரும் சேர்ந்து வந்த நீண்ட வரலாறு. அதன் மையத்தில் நிற்பது உமிழ்நீர்ச் சுரப்பி என்ற ஓர் எளிய உறுப்பு.

பாம்பின் நச்சுப்பை உண்மையில் பை அன்று. அது வாய்க்குள் நீரைச் சுரக்கும் சுரப்பிகளின் வழியில் தோன்றி, மேல்தாடையில் கண்ணுக்குப் பின்னால் பருத்து, நச்சுப்பல்லோடு குழாயால் இணைந்துவிட்ட ஒரு சுரப்பி. தமிழில் எச்சிலைக் குறிக்கும் ‘உமிழ்நீர்’ என்ற சொல்லும், பாம்பு நாகரத்தினத்தை உமிழ்ந்து வைத்து அதன் ஒளியில் இரை தேடும் என்ற பழைய நம்பிக்கையும், அது நஞ்சை உமிழ்கிறது என்ற வழக்கும் ஒரே வினைச்சொல்லில் வந்து சேர்வது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் உடற்கூற்றியலாளர் ஆய்வுக்கூடத்தில் அடைந்த முடிவுக்கு அந்தச் சொல் மிக அருகில் நிற்கிறது. எலியின் கன்னத்தில் ஊறுவதிலும் நாகத்தின் பல்லில் இறங்குவதிலும் வேலை செய்பவை பெரும்பாலும் புரதங்கள். அப்புரதங்களில் பல நொதிகள். நொதி என்பது தான் அழியாமல் மற்றொரு பொருளை உடைக்கவோ மாற்றவோ செய்யும் புரதமாகும். மிகச் சிறிய அளவே இருந்தாலும் திரும்பத் திரும்ப வேலை செய்யவல்லது என்பதால்தான் செரிமானத்துக்கு உதவும் அதே பண்பு நஞ்சாகும்போது உயிரைப் பறிக்கிறது.

உமிழ்நீர் நொதி ஆராய்ச்சியின் தொடக்கம் மாவுப்பொருளில் இருக்கிறது. 1831இல் ஜெர்மானிய வேதியியலாளர் லாய்க்ஸ், உமிழ்நீர் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகிறது என்று காட்டினார். ஈராண்டுகளுக்குப் பின் பிரான்சில் பேயனும் பெர்சோவும் முளைகட்டிய தானியத்திலிருந்து அதே வேலையைச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அமைலேஸ் என்று இன்று அழைக்கப்படும் அந்த நொதியைத் தேடி ஆய்வாளர்கள் விலங்குக்கு விலங்கு சென்றபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. பாலூட்டிகளுக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை உண்டு: காதோரம் கன்னத்தில் ஒன்று, கீழ்த்தாடைக்கு அடியில் ஒன்று, நாவுக்கு அடியில் ஒன்று. எலியிலும் சுண்டெலியிலும் காதோரச் சுரப்பி அமைலேஸால் நிறைந்திருக்க, தாடைச் சுரப்பி வேறு நொதிகளை வைத்திருக்கிறது. ஆட்டிலும் மாட்டிலும் பூனையிலும் உமிழ்நீர் அமைலேஸ் இல்லை அல்லது இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைவு. செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ், உமிழ்நீர் சுரப்பதற்கும் நரம்புக்கும் உள்ள உறவை நாயைக் கொண்டே ஆராய்ந்தார். அந்த நாயின் உமிழ்நீரிலும் மாவை உடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ இல்லை. ஒரு விலங்கில் கண்டதை உமிழ்நீருக்கே உரிய இயல்பாக எழுதிவிட முடியாது என்ற பாடம், பின்னர் நஞ்சு ஆராய்ச்சியில் பன்மடங்கு கடுமையாகத் திரும்பி வந்தது.

நொதி எந்தச் சுரப்பியில் இருக்கிறது என்பதைத் தாண்டி, சுரப்பியின் எந்த உயிரணுவில் இருக்கிறது என்று பார்க்கும் வழி 1939இல் கிடைத்தது. ஜப்பானில் டகமட்சுவும் ஹங்கேரியில் பிறந்த கோமோரியும் தனித்தனியாகக் கண்டறிந்த முறையில், மெல்லிய திசுச் சீவலின்மீது நொதிக்கு ஏற்ற பொருளை இட்டால் நொதி இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் படியும். இதனால் ஒரு சுரப்பியின் உள்வரைபடம் கண்ணுக்குத் தெரியலாயிற்று. அடுத்த ஆண்டிலேயே பிரெஞ்சு ஆய்வாளர் அந்துவான் லக்கசான், சுண்டெலியின் தாடைச் சுரப்பி ஆணில் ஒரு விதமாகவும் பெண்ணில் வேறு விதமாகவும் அமைந்திருப்பதை எழுதினார். ஆண் சுண்டெலியில் அச்சுரப்பியின் சுருண்ட நுண்குழல்கள் பெருத்து, துகள்கள் நிறைந்து காணப்படுகின்றன. அத்துகள்களில் புரதங்களை வெட்டும் நொதிகள் செறிந்துள்ளன. ஆண்மை இயக்குநீரைப் பெண் சுண்டெலிக்குக் கொடுத்தால் அதன் சுரப்பியும் அவ்வாறே மாறுகிறது. உணவை நனைப்பதற்கென்று எண்ணப்பட்ட உறுப்பு பாலின வேறுபாட்டைச் சுமந்து நின்றது அக்காலத்தில் பெரும் புதிராகவே இருந்தது. அதன் விடை பின்னர் ஒரு பாம்பின் வழியாக வந்தது.

பாம்பின் பக்கமோ ஆராய்ச்சி இதற்கெல்லாம் முன்பே, சோழமண்டலக் கரையில் தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக 1785இல் சென்னை மாகாணத்தில் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரசல், விசாகப்பட்டினம் முதலிய கரையோர ஊர்களில் பாம்புகளைச் சேகரித்து, அவற்றைக் கோழிகளையும் நாய்களையும் கடிக்க வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடத்தில் என்ன ஆகிறது என்று குறித்தார். 1796இல் வெளியான அவரது வண்ணப்படத் தொகுதி இந்தியப் பாம்பியலின் முதல் நூலாகக் கருதப்படுகிறது. கண்ணாடி விரியனுக்கு அவருடைய பெயரே உலக வழக்கில் நிலைத்துவிட்டது. அக்காலத்தில் பாம்புக்கடிக்கு மிகப் புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையில் வெள்ளைப் பாஷாணம் கலந்திருந்தது. ரசல் அதையும் கடிபட்ட விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். ஒரு மருந்தின் புகழை அப்படியே ஏற்காமல், கடித்த பாம்பு எது, மருந்து பெற்றது எது, பெறாதது எது என்று பிரித்துப் பார்த்த அந்த முறைதான் அவர் வரைந்த பாம்புகளைக் காட்டிலும் பெரிய கொடை. அதன் விலையை அந்த நாய்களும் கோழிகளும் கொடுத்தன என்பதையும் இவ்வரலாறு மறைக்கலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பணி கல்கத்தாவுக்கு நகர்ந்தது; அங்கு ஜோசப் ஃபேரர் நடத்திய நூற்றுக்கணக்கான சோதனைகள் 1872இல் பெருநூலாயின. நஞ்சு புரதத்தால் ஆனது என்பதை அமெரிக்காவில் வெயர் மிட்செல் 1886இல் தெளிவாக்கினார். 1890களின் நடுவில் ஆல்பர்ட் கால்மெட், நாகத்தின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றப்பட்ட விலங்கின் குருதிநீர் அந்த நஞ்சை முறிக்கும் என்று காட்டியபோது, எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பரவியது. அந்நம்பிக்கையைக் கலைத்தவர்களுள் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஜார்ஜ் லாம் முக்கியமானவர். நாகத்துக்கு எதிராக ஆக்கப்பட்ட குருதிநீர் கண்ணாடி விரியனின் நஞ்சுக்கு உதவவில்லை என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் நிறுவினார். 1905இல் கசௌலியில் அமைந்த மத்திய ஆராய்ச்சி நிறுவனமும், பின்னர் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனமும் இந்தியப் பாம்புகளுக்கென்றே மருந்து செய்ய வேண்டியிருந்தது இதனால்தான். நச்சுப்பாம்புக்கும் நஞ்சற்ற பாம்புக்கும் நடுவில் இருந்த சுவரும் அதே காலத்தில் தளர்ந்தது: 1902இல் ஆல்காக்கும் ரோஜர்ஸும், நஞ்சற்றவை எனக் கருதப்பட்ட சில இந்தியப் பாம்புகளின் உமிழ்நீரும் சிறு விலங்குகளைக் கொல்லவல்லது என்று அறிவித்தனர். நஞ்சு என்பது உமிழ்நீரின் எதிர்ப்பொருள் அன்று, அதன் ஒரு நிலை என்ற எண்ணம் இங்கு வேர் பிடித்தது.

நஞ்சுக்குள் எந்த நொதி எவ்வளவு என்ற கணக்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எழுதப்பட்டது. உயிரணுச் சவ்வின் கொழுப்பை அறுக்கும் பாஸ்போலிபேஸ் ஏறத்தாழ எல்லா நச்சுப்பாம்புகளிலும் உண்டு. திசுக்களைப் பிணைக்கும் பசையைக் கரைத்து நஞ்சுக்கு வழி திறந்துவிடும் ஹயலுரோனிடேஸ் பலவற்றிலும் உண்டு. நரம்புச் செய்தியைக் கடத்தும் பொருளை உடைக்கும் கோலினெஸ்டரேஸோ நாகத்திலும் கட்டுவிரியனிலும் மிகுதியாக இருக்க, கண்ணாடி விரியனிலும் சுருட்டை விரியனிலும் காணப்படுவதில்லை. விரியன்களின் பங்கு வேறு: புரதத்தை வெட்டும் நொதிகள் அவற்றில் மிகுந்திருப்பதால் கடிவாய் வீங்கி, தசை அழுகி, குருதி உறையும் திறனை இழக்கிறது. உலர்ந்த கண்ணாடி விரியன் நஞ்சு மஞ்சளாகத் தெரிவதும் ஒரு நொதியால்தான். அமினோ அமிலங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் அந்நொதி மஞ்சள் நிற ரிபோஃபிளேவின் கூறு ஒன்றைத் தன்னோடு சுமந்திருக்கிறது. கண்ணாடி விரியனின் நொதிகள் குருதி உறைதலின் குறிப்பிட்ட படிகளைத் துல்லியமாகத் தூண்டுகின்றன. 1934இல் லண்டனில் மாக்ஃபர்லேனும் பார்னெட்டும் அதே நஞ்சை நீர்க்கச் செய்து, குருதி உறையாமைப் பிறவிக்குறை உள்ளவர்களின் காயத்தில் இட்டுக் கசிவை நிறுத்தினர். குருதி உறைவுச் சோதனைக்கூடங்களில் அந்த நஞ்சு இன்றும் ஒரு வேதிப்பொருளாகப் புழங்குகிறது.

உமிழ்நீரும் நஞ்சும் வெளிப்படையாகச் சந்தித்த இடங்கள் இரண்டு. 1949இல் பிரேசிலில் ரோச்சா இ சில்வாவும் அவரோடு பணிபுரிந்தவர்களும், அந்நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சைக் குருதித் திரவத்தோடு சேர்த்தபோது, குருதி அழுத்தத்தைக் குறைக்கும் பிராடிகைனின் என்ற சிறு பொருள் பிறப்பதைக் கண்டனர். அத்தகைய பொருள்களை விடுவிக்கும் கல்லிக்ரீன் என்ற நொதி உமிழ்நீர்ச் சுரப்பியில் இருப்பது 1930களிலேயே தெரிந்திருந்தது. ஆக, விரியனின் பல்லும் பாலூட்டியின் தாடைச் சுரப்பியும் ஒரே கருவியை வைத்திருந்தன.

இரண்டாவது சந்திப்பு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நிகழ்ந்தது. அங்கு ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்புகளை வளரச் செய்யும் பொருள் ஒன்றைச் சுண்டெலியின் கட்டியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தனர். அது புரதமா நியூக்ளிக் அமிலமா என்று அறிவதற்காக, நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும் நொதி மிகுந்த பாம்பு நஞ்சை அதனோடு கலந்தபோது, வளர்ச்சி நிற்பதற்கு மாறாகப் பலமடங்கு பெருகியது. நஞ்சிலேயே அப்பொருள் கட்டியில் இருப்பதைவிட மிகச் செறிவாக இருந்தது. நச்சுச் சுரப்பிக்கு இணையான பாலூட்டி உறுப்பு எது என்று கோஹன் எண்ணிப் பார்த்துச் சுண்டெலியின் தாடைச் சுரப்பியைச் சோதித்தார். ஆண் சுண்டெலியின் சுரப்பி அப்பொருளின் களஞ்சியமாக இருந்தது. லக்கசான் கண்ட சுருண்ட குழல்களின் துகள்களில் நொதிகளோடு இப்பொருளும் இருந்தது. அதே சுரப்பியின் சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் கண்கள் வழக்கத்துக்கு முன்பே திறந்தன. அதைத் தொடர்ந்து 1962இல் மேல்தோல் வளர்ச்சிப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். பாம்பின் நச்சுச் சுரப்பி பற்களை ஒட்டிய சுரப்பித் திசுவிலிருந்து தோன்றியது என்றும், எலியின் தாடைச் சுரப்பியோடு அதை நேருக்கு நேர் பொருத்த முடியாது என்றும் பின்வந்த உடற்கூற்றியலாளர் திருத்தினர். ஆனால் 2021இல் ஜப்பானின் ஒகினாவாவில் அக்னீஷ் பருவாவும் அலெக்சாண்டர் மிக்கேயெவும் இரு சுரப்பிகளின் மரபணுச் செயல்பாட்டை ஒப்பிட்டு, நஞ்சு உருவாவதற்கு அடித்தளமான மரபணு வலையமைப்பு பாலூட்டியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இருக்கிறது என்று காட்டினர். கோஹனின் ஊகம் உறுப்பின் பெயரில் தவறினாலும் உள்ளடக்கத்தில் தவறவில்லை.

இந்த அறிவெல்லாம் மருந்தாக வேண்டுமானால் உயிருள்ள பாம்பிடமிருந்து நஞ்சைக் கெடாமல் எடுத்துத் தரும் கைகள் வேண்டும். தமிழ்நாட்டில் அந்தக் கைகள் இருளர்களுடையவை. செங்கல்பட்டு வட்டாரத்தின் வயல்வெளிகளிலும் முட்காடுகளிலும் எலியும் பாம்பும் பிடித்து வாழ்ந்த இச்சமூகத்தினர், இருபதாம் நூற்றாண்டில் பாம்புத்தோல் வணிகத்தின் அடிமட்டத்தில் நின்றனர். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இன் தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வணிகத்தை முடித்துவைத்தபோது, பாம்பு பிழைத்தது, ஆனால் பாம்பையே அறிந்திருந்தவர்களின் அடுப்பு அணைந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவுபெற்றது. வடநெம்மேலியில் 1982 முதல் நஞ்செடுப்பு நடந்து வருகிறது. மணல் இட்டு வாய் துணியால் கட்டிய மண்பானைகளில் பாம்புகள் வைக்கப்படுகின்றன. மூன்று வாரம் போல வைத்திருந்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாள வெட்டு இட்டு, மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. அடையாளம் இருக்கும் பாம்பு உடனே மறுபடி பிடிக்கப்படாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மட்டுமே அனுமதி. சுருட்டை விரியன் ஒரு முறைக்குச் சில மில்லிகிராம் உலர் நஞ்சே தருவதால், ஒரு கிராமைச் சேர்க்க நூற்றுக்கும் மேற்பட்ட முறை அதன் தலையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தடம், எச்சம், உரித்த சட்டை ஆகியவற்றைக் கொண்டு வளையில் இருக்கும் பாம்பின் இனத்தையே சொல்லிவிடும் அந்த அறிவுக்கு 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்கு வழங்கப்பட்ட பத்மஸ்ரீ விருது மிகத் தாமதமாக வந்த மரியாதை என்றே சொல்ல வேண்டும்.

உலர்த்திய நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் சென்று, குதிரைகளுக்கு மெல்ல மெல்லக் கூட்டி ஏற்றப்படுகிறது. குதிரையின் குருதிநீரில் உருவாகும் எதிர்ப்புரதங்கள் பிரிக்கப்பட்டுக் குப்பியில் அடைக்கப்படுகின்றன. மருந்தின் வலிமை சுண்டெலியில் அளக்கப்படுகிறது: ஒரு மில்லி லிட்டர் மருந்து நல்ல பாம்பின் நஞ்சில் 0.6 மில்லிகிராம், கட்டுவிரியனில் 0.45, கண்ணாடி விரியனில் 0.6, சுருட்டை விரியனில் 0.45 என்ற அளவை முறிக்க வேண்டும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் செலுத்தும் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் கணக்கிடுவதால், ஒரு குப்பி முறிக்கும் 6 மில்லிகிராம் எம்மூலைக்கும் போதாது; தொடக்கத்திலேயே எட்டு முதல் பத்துக் குப்பிகள் ஏற்றப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த 0.6 மில்லிகிராம் எந்த ஊர்க் கண்ணாடி விரியனின் நஞ்சு என்ற கேள்வி நெடுங்காலம் கேட்கப்படவில்லை. 1988இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஜெயந்தியும் கௌடாவும் இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த கண்ணாடி விரியன் நஞ்சுகளை ஒப்பிட்டு, நொதிச் சேர்மானமும் கொல்லும் திறனும் இடத்துக்கு இடம் மாறுகின்றன என்று எழுதினர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு 34 இடங்களைச் சேர்ந்த 115 கண்ணாடி விரியன்களின் நஞ்சை ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட முடிவு இன்னும் நேரடியானது: ஒரு நிலப்பகுதியின் வெப்பமும் மழையளவும் அங்குள்ள பாம்பின் நொதிகளோடு தொடர்புடையவை, வறண்ட நிலத்துப் பாம்புகளில் புரதம் வெட்டும் நொதிகளின் செயல்பாடு மிகுதி. நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சு பெரும்பகுதி வந்தது சென்னையை ஒட்டிய கடலோரப் பகுதியின் பாம்புகளிடமிருந்து. கடமலைக்குண்டோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் உள்நிலம். அம்மலைத்தொடரின் ஈரக்காடுகளில் வாழும் கூர்மூக்கு விரியன், மருந்துக்கு நஞ்செடுக்கப்படும் அந்த நான்கு பாம்புகளில் அடங்கவே இல்லை. அதன் கடிக்கு இன்றைய மருந்து பயன்படுவதில்லை. வருசநாட்டு மலைகளில் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் பளியர்களுக்கு இது வெறும் வகைப்பாட்டுச் செய்தி அன்று.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலக நலவாழ்வு அமைப்பு 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இறப்புகளைப் பாதியாக்கும் இலக்கோடு ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பாம்பு என்ற குறிப்பு ஒழுங்காகச் சேருமானால், எந்த நிலத்துப் பாம்பின் நஞ்சு குதிரைக்குச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்ய முதன்முறையாக ஒரு சான்று கிடைக்கும்.

அதுவரை, நொதியின் வேலையை மருத்துவர் கண்ணால் பார்த்தே அறிகிறார். கடிபட்டவரின் சிரையிலிருந்து எடுத்த சில மில்லி லிட்டர் குருதி, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இடப்பட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கப்படுகிறது. பின்பு குழாய் ஒருமுறை சாய்க்கப்படுகிறது. குருதி கட்டியாக நின்றால் விரியனின் நொதிகள் உறைவைக் குலைக்கவில்லை என்று பொருள். அது நீராக வழிந்தால் மருந்து ஏற்றப்பட்டு, ஆறு மணி நேரம் கழித்து அதே சோதனை மீண்டும் செய்யப்படுகிறது. அப்போதும் வழிந்தால் மறுபடியும் குப்பிகள் திறக்கப்படுகின்றன.